வாங்குபவர் பெயர்

“கத்தி எதுக்கு சார்?” என்றார் அப்துல் அலீம்.

“பரிசு கொடுக்க.”

“பரிசுன்னு எழுத முடியாது சார். போன மாசம் ஒருத்தன் அப்படித்தான் எழுதச் சொன்னான். மறுநாளே பரிசைக் கொடுத்துட்டான். நான் ரெண்டு நாள் ஸ்டேஷன் வாசல்ல நின்னேன்.”

கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. கத்தி வாங்க வந்த ஞானமுத்து, ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. தேவையில்லாத எந்தத் தாளிலும் தன் பெயர் வரக் கூடாது என்பதுதான் முப்பத்தொரு வருஷ வேலையில் அவர் கற்றது.

“தங்கச்சி மகனுக்கு. ஜெய்சன்னு பேரு. பி.எஸ்சி. இன்னைக்குத்தான் காலேஜ்ல பட்டம் வாங்குறான். ஆர்மிக்கு செலக்ட் ஆயிட்டான். இருபத்தெட்டாம் தேதி கிளம்பணும். போலீஸ் விசாரணை ஒண்ணுதான் பாக்கி.”

“மாஷா அல்லாஹ். அப்ப நல்லதாவே பாப்போம்.”

அலீம் இரண்டு கத்திகளை எடுத்து வைத்தார். ஒன்று மடக்குக் கத்தி. ஸ்க்ரூ டிரைவர், டின் ஓப்பனர் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. இன்னொன்று தோலுறை போட்டது. ஒரு சாண் நீளம்.

“மடக்குறதை எடுங்க சார். டப்பா திறக்க ஆகும்.”

“டப்பா திறக்கவா ஆர்மிக்குப் போறான்?”

“என் மச்சான் பதினேழு வருஷம் அங்க அதைத்தான் செஞ்சாரு.”

ஞானமுத்து தோலுறையிலிருந்து கத்தியை உருவினார்.

“அங்க நிக்காதீங்க, இருட்டு. இப்படி வாங்க. இன்னும் கொஞ்சம். ம், இப்ப மேல தூக்கிப் பாருங்க. கூர் தெரியும்.”

தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் முனைவரை ஓடி நின்றது. தானே எங்கோ போருக்குப் புறப்படுவதுபோல் இருந்தது. தன்னையறியாமல் சிரித்தார்.

“இதையே கொடுங்க.”

அலீம் ஒரு நீள நோட்டைத் திறந்தார். “பேரு, அட்ரஸ், ஆதார். கத்தி, அரிவாள் எது வாங்குனாலும் எழுதணும். வாரா வாரம் ஸ்டேஷன்ல இருந்து வந்து பாக்குறாங்க.”

சிரிப்பு நின்றது. “என் பேரா?”

“வாங்குறவர் பேரு.”

“வச்சிருக்கப்போறது அவன்தானங்க. அவன் பேரையே எழுதுங்க.”

“அப்ப அந்தத் தம்பியோட ஆதார் வேணும்.”

அது இருந்தது. ஜெய்சனின் ராணுவ விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பிக் கொடுத்தவரே ஞானமுத்துதான். செல்போனை நீட்டினார். அலீம் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எண்ணை எழுதிக்கொண்டார்.

“எனக்கு நோட்டு நிரம்புனாச் சரி. ஒண்ணு சார், கத்தியைச் சும்மா கொடுக்காதீங்க. உறவு அறுந்துரும்பாங்க. ஒத்த ரூபா வாங்கிக்கிட்டுக் கொடுங்க.”

“தெரியும் பாய். நான் எதுலயும் முன்னெச்சரிக்கைதான்.”

ஒரு வாரம் கழித்து, பரவையில் தங்கை வீட்டுக்குப் பையோடு போனார்.

“மாப்ள, ஒத்த ரூபா எடுத்து வை” என்று சொல்லிக்கொண்டே நுழைந்தவர் அப்படியே நின்றார். கூடத்தில் காக்கி உடுப்பில் ஏட்டு காளை உட்கார்ந்திருந்தார். எதிரே ஜெய்சன். சுவரோரம் தங்கை இன்னாசியம்மாள்.

“வாங்க சார், உக்காருங்க” என்றார் ஏட்டு. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜெய்சன் பக்கம் திரும்பினார். “கேசு எதுவும் இல்ல தம்பி. ஒண்ணுதான் இடிக்குது. ஒன்பதாம் தேதி டவுன்ல நீ ஒரு கத்தி வாங்கியிருக்க.”

“நானா? அன்னைக்கு எனக்குப் பட்டமளிப்பு விழா சார். மேடையில இருந்தேன்.”

“எம்புள்ள வெங்காயம் நறுக்கக்கூடக் கத்தியத் தொடமாட்டானய்யா” என்று இன்னாசியம்மாள் அழத் தொடங்கினாள். “இதைச் சொல்லி வேலையக் கெடுத்துராதீக.”

ஞானமுத்து பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சொல்லிவிடலாம். சொன்னால் போலீஸ் தாளில் பெயர் வரும். இன்னும் இரண்டு மாதம். சொல்லவில்லை.

“அழாதீங்கம்மா” என்றார் ஏட்டு. “காலேஜ்ல விசாரிச்சிட்டேன். பட்டம் வாங்குற வீடியோவும் பாத்தாச்சு. தம்பி மேல தப்பு இல்ல. இன்னைக்கே எழுதி அனுப்பிருவேன். தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்.”

விஷயம் இதோடு முடிந்தால் போதும் என்று, யாரும் கேட்குமுன் ஞானமுத்து பேனாவை எடுத்தார். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், அலுவலக முகவரி, செல் எண். குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்திட்டார்.

“இம்புட்டு விவரமா யாரும் எழுதித் தரமாட்டாங்க சார்.” ஏட்டு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “எவனோ தம்பியோட ஆதாரைக் காட்டிக் கத்தி வாங்கியிருக்கான். தம்பியை மாட்டிவிடப் பாத்திருக்கான். நல்லவேளை, கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம். யார் வந்தாலும் கேமராவுக்கு நேரா, வெளிச்சத்துல நிக்கவைக்கச் சொல்லி.”

செல்போனை எடுத்து இன்னாசியம்மாளிடம் நீட்டினார். “இவரைத் தெரியுதாம்மா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அழுகை நின்றது.

திரையில் ஞானமுத்து கத்தியை உயர்த்திப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.