ஞானஸ்நானம் வேண்டாத வீடு

“நாளைக்குப் பிள்ளைக்கு நெஞ்சிலை ஒப்பரேசன். இண்டைக்காவது பங்குச் சாமியைக் கூப்பிடு. தலையிலை தண்ணி ஊத்தட்டும்.”

அருளையா காலையிலிருந்து இதையேதான் சொல்கிறார். மகள் அமலினி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, கைக்குழந்தை ஜெனிஸ்டனுக்குப் பால் போத்தலைப் பிடித்தாள்.

“இல்லை அப்பா. அவன் வளந்து, விளங்கி, தானாக் கேக்கட்டும். எங்கடை சபையிலை அப்பிடித்தான்.”

சபையாம். போர்கோ வெக்கியோவில் ஒரு பழைய கராஜ். மாதா சுரூபம் கிடையாது, மெழுகுதிரி கிடையாது. மடு மாதாவுக்கு நேர்ந்து பெற்ற பெண், வெளிநாட்டுக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து மெனோனைட் சபைக்காரி ஆகிவிட்டாள்.

“உங்கடை சபைக்குப் பேர் குடுத்த மெனோவே முதல் எங்கடை சாமியாத்தானே இருந்தவர்?”

“ஓம். விட்டிட்டு வந்தவர். வளந்தாப் பிறகு ஞானஸ்நானம் எடுத்த குற்றத்துக்கு, ஐந்நூறு வருசத்துக்கு முன்னம் எங்கடை ஆக்களை ஆத்துக்குள்ளை அமத்திச் சாகடிச்சவை. எங்கடை ஆக்கள் திருப்பி ஒரு அடி அடிக்கேல்லை.”

“நானோ அமத்தினனான்?”

அமலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவருக்கு வரவில்லை.

“அவனுக்கு ஏதும் நடந்தால்... மோட்ச வாசலை ஆர் திறக்கிறது?”

“சின்னப்பிள்ளையளுக்கு அதைப் பூட்டுறேல்லை அப்பா.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அடுப்பில் ஏதோ உருட்டினாள். பிறகு வந்து பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள்.

“மருந்துக்கடைக்குப் போட்டு வாறன். ஆறுதலா, நேரமெடுத்துத்தான் வருவன்.”

கதவு சாத்தியதுதான் தாமதம். ஆபத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும் என்று சின்ன வயதில் கோயிலில் படித்தது அருளையாவுக்கு மறக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். குழாயைத் திறந்தார்.

பிதா. சுதன். பரிசுத்த ஆவி. மூன்று சிறங்கை.

பிள்ளை வீரிட்டான். தன் இடுப்புச் சாரத்தாலேயே துடைத்து, தோளில் போட்டுத் தட்டி, ஒருவழியாக உறங்க வைத்தார்.

அமலினி வந்தாள். பிள்ளையின் தலையைத் தடவினாள். முடி இன்னும் ஈரம். அவரைப் பார்த்தாள். குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கிழவர் நிமிர்ந்து நின்றார். “ஓம், ஊத்தினனான். இப்ப என்ன செய்யப்போறாய்?”

“ஊத்தினதுக்கு ஆர் என்ன சொன்னது? ஏன் பச்சைத்தண்ணியை ஊத்தினனீங்கள்? சுடுதண்ணி ஆத்தி, துடைக்கத் துவாயும் எடுத்துக் குசினி மேசையிலை வைச்சிட்டெல்லோ போனனான்.”