வீட்டுக்கு ஒரு துவக்கு

வீட்டுக்கு ஒரு துவக்கு வாங்குவதென்று அன்புராசா முடிவெடுத்துவிட்டார்.

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய ரூஜில், அவருடைய தெருவில் மட்டும் அந்தக் கோடையில் இரண்டு வீடுகளின் கதவை உடைத்து உள்ளே போய், கார்த் திறப்பைக் கேட்டு மிரட்டி, காரைக் கொண்டு போயிருந்தார்கள். அவர் வாசலிலும் புதுக் கறுப்பு எஸ்யூவி ஒன்று நின்றது. ஊரில் உள்ளவர்களின் வீடுகளுக்கெல்லாம் தரை பதித்து, முழங்கால் தேய்ந்து வாங்கிய கார்.

எந்தத் துவக்கு நல்லது என்று அவர் வெளியில் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. மகள் துவாரகா இருந்தாள். யுனிவர்சிட்டியில் ரைபிள் சுடப் பழகி, மாகாணப் போட்டியில் முதலாவதாக வந்தவள். பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்ன விளையாட்டு என்று ஒரு வருஷம் சண்டை பிடித்த அன்புராசா, முதல் பதக்கத்தோடு கட்சி மாறிவிட்டார். இப்போதெல்லாம் அந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தேத்தண்ணி வர முன்னம் பதக்கங்கள் வரும்.

அவரும் துவக்கு வகுப்புக்குப் போய், சோதனை பாஸாகி, லைசென்ஸும் எடுத்தாயிற்று. ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்குள் கள்ளன் கதை கதைக்கக் கூடாது என்று துவாரகா காரிலேயே சொல்லிவிட்டாள். இந்த நாட்டில் வேட்டைக்கும் விளையாட்டுக்கும்தான் துவக்கு. ஆளைச் சுட என்று வாயெடுத்தால் கடைக்காரன் வாசலைக் காட்டுவான்.

அன்புராசாவுக்குக் கைத்துப்பாக்கியில்தான் ஆசை. அதை விற்க இப்போது சட்டம் விடாதென்றாள். சரி, உன்னிடம் இருப்பதுபோல ஒரு ரைபிள் என்றார். அதன் குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போகும் என்றாள். அப்படியென்றால் பம்ப் ஷொட்கன். அதுவும் போகும் என்றாள்.

"சுவரைத் துளைக்காத துவக்கு ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"எங்கட சுவர் ட்ரைவோல் அப்பா, வெறும் மட்டை. கையால குத்தினாலே ஓட்டை விழும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

வாங்கினாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும், குண்டு போட்டு வைக்கக் கூடாது என்பதையும் நினைவுபடுத்தினாள். நான் பூட்டைத் திறந்து குண்டு போடும்வரைக்கும் கள்ளன் சோபாவில் இருப்பானோ என்று அவர் கேட்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்படியோ, பம்ப் ஷொட்கன்தான் என்று அன்புராசா மனதுக்குள் முடித்துக்கொண்டார். அடுத்த கிழமை மனைவி நிலாணிக்கும் காட்டி வாங்கலாம் என்று வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்த அடுத்த கிழமை வர முன்னமே கள்ளர் வந்துவிட்டார்கள்.

அன்புராசாவும் நிலாணியும் அவளுடைய சின்னக் காரில் மார்க்கம் நகரப் பக்கம் ஒரு கலியாண வரவேற்புக்குப் போயிருந்தார்கள். போன் வந்து ஓடிவந்தபோது வாசலில் பொலிஸ் நின்றது. முன்கதவு பிளந்து கிடந்தது. எஸ்யூவி இல்லை. துவாரகா படியில் குந்தியிருந்தாள். அவளில் ஒரு கீறலும் இல்லை.

வந்தவர்கள் இரண்டு பேர், முகத்தை மூடியிருந்தார்கள். துவாரகா தன் அறையைப் பூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போன் அடித்திருக்கிறாள். அவர்கள் படியேறும் சத்தம் கேட்டதும் கதவை இடுக்காகத் திறந்து, தன்னிடமிருந்த கார்த் திறப்பைக் கீழே எறிந்திருக்கிறாள். பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

அவளுடைய ரைபிள் அதே அறையில், இரும்பு அலுமாரிக்குள் இருந்தது.

அடுத்த நாள் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்து கூடினார்கள். நிலாணியின் தம்பி கிருபன்தான் கதையைத் தொடக்கினான்.

"கடதாசியைச் சுடுறது வேற, ஆளைச் சுடுறது வேற அத்தான்."

இரண்டொருவர் வாய்க்குள் சிரித்தார்கள். இவ்வளவு பெரிய சூட்டுக்காரி கள்ளனுக்குத் திறப்பை எறிந்து கொடுத்திருக்கிறாளே என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். அன்புராசாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. கார் போனதுகூட அவருக்கு அப்படிச் சுடவில்லை.

துவாரகா மேலேயிருந்து இறங்கி வந்தாள். நேற்றிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததை அவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார்.

"நேற்றுப் பயந்து போனியோ பிள்ளை?"

"ஓம் அப்பா. சரியாப் பயந்திட்டன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிருபன் பெருந்தன்மையோடு, விடுங்கோ அத்தான், கள்ளனைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் பயம் வரும்தானே என்றான்.

"கள்ளருக்கு இல்லை மாமா," என்றாள் துவாரகா. "அலுமாரித் திறப்பு கையிலதான் இருந்தது. பூட்டுக்குள்ள போட்டும் விட்டன். பிறகுதான் யோசிச்சன். நான் சுட்டா குறி பிழைக்காது. அதுக்குத்தான் பயந்தனான்."

கிருபன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்புராசா எழும்பிப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் அவரைவிடக் கொஞ்சம் உயரம். எட்டித்தான் தோளில் கை போட வேண்டியிருந்தது.

"கார் போனாப் போகட்டும் கிருபன்," என்றார். "வடிவாப் பார், இவள் என்ர பிள்ளை."