முப்பத்தெட்டு உருப்படி

"ஆளுக்கு நூறு, சாரே. நாங்க நாலு பேருண்டு."

"எதுக்கு?"

"நோக்கியிருக்கதுக்கு."

அழகியநம்பி கரமனையில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம். இப்போது அதைக் காலி செய்துகொண்டு நாகர்கோவிலுக்குக் குடிபோகிறார். சாமான் ஏற்றாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதற்கு யூனியன்காரர்கள் கூலி கேட்பார்கள், அதற்கு நோக்குகூலி என்று பெயர், கொடுக்காவிட்டால் வண்டி நகராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதைக் கண்டித்துப் பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்று பிரசுரமும் ஆனது. ஆனால் நோக்குகூலி நீலச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வாசலிலேயே வந்து நின்றது இன்றைக்குத்தான்.

"எங்களை ஏத்தச் சொன்னா ஏத்துகூலி. அது வேறே ரேட்டு," என்றான் தங்கப்பன். நால்வரில் மூத்தவன். "இல்லே, வீட்டுக்காரங்க ஏத்தினாலும் குழப்பமில்லே, நாங்க நோக்கியிருப்போம். டிரைவர் மட்டும் தொடப்பிடாது."

நாகர்கோவிலிலிருந்து வேன் கொண்டுவந்திருந்த இசக்கிப்பாண்டி, தூக்கிய பெட்டியை அப்படியே கீழே வைத்தான்.

"என் சாமானை நாங்களே ஏத்திக்கறோம். உங்களுக்கு ஒரு பைசா பேராது. உக்காந்த இடத்திலே கூலி வாங்க வெக்கமா இல்லையா?"

"செரி சாரே."

நால்வரும் எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள்.

அழகியநம்பியும் பிரம்பு நாற்காலியை வாசலில் கொண்டுவந்து போடச் சொல்லி உட்கார்ந்தார். போன மாதம் ஓய்வு பெறும்வரை சூப்பிரண்டாக இருந்தவர். மடியில் பட்டியல். அவரே டைப் அடித்தது. கட்டில், பீரோவை விற்றது போக மொத்தம் முப்பத்தெட்டு உருப்படி. அவற்றைக் கட்டி முடிக்க அவர் மனைவி சுப்புலக்ஷ்மிக்குப் பதினோரு நாள் ஆனது. பட்டியலுக்கு அரைநாள்.

"சுப்பு, ஆரம்பி."

'நாங்களே' என்றால் யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினாள்.

"ஒண்ணு," என்று டிக் அடித்தார். "முதுகை வளைக்காதே. முழங்காலை மடக்கித் தூக்கணும்."

ஒன்பதாவது, புத்தகப் பெட்டி.

"ஏன்னா, இதை ஒரு பக்கம் பிடிங்கோளேன்."

"நான் எழுந்து வந்துட்டா பட்டியலை யார் பாக்கறது? எதிரே நாலு பேர் கண்கொத்திப் பாம்பா உக்காந்திருக்கான். ஒண்ணு காணாமப்போனா நீ ஜவாபு சொல்லுவியா?"

அவள் பெட்டியைத் தரையோடு தள்ளிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு டீ போட்டாள். ஐந்து டம்ளர்தான் வெளியே இருந்தது. நாலு எதிர்ச் சுவருக்குப் போயிற்று, ஒன்று பிரம்பு நாற்காலிக்கு.

"அவாளுக்கு என்னத்துக்கு?"

"வெயில்லே உக்காந்திருக்காளே."

"உக்காந்துதானே இருக்கா!" அவர் ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை போறலை."

இருபத்தாறாவது, கிரைண்டர். இரண்டாவது படியில் அவளுக்குக் கால் சறுக்கிற்று. தங்கப்பன் ஒரே ஓட்டமாக வந்து மறுமுனையைப் பிடித்து, கிரைண்டரைப் படியில் நிறுத்தினான்.

"தொடாதே! தொட்டுட்டு அதுக்கும் கூலி கேட்பே!"

தங்கப்பன் கையை எடுத்தான். கிரைண்டரைப் பார்த்தான். முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

"பாத்தியா? ஒரு அதட்டல் போறும் இவாளுக்கு. நீ பராக்குப் பாக்காம தூக்கு."

பன்னிரண்டரைக்கு அழகியநம்பியின் பேனா நின்றது.

"முப்பத்தேழு. ஒண்ணு குறையறது!" குரல் தெருக்கோடிவரை போயிற்று. "எனக்கு அப்பவே தெரியும். ஓய் தங்கப்பன், எங்கே அது?"

"எழுந்திருங்கோ," என்றாள் சுப்புலக்ஷ்மி. "அதுமேலதான் உக்காந்திருக்கேள்."

பிரம்பு நாற்காலியும் ஏறியது. நால்வரும் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, வேனுக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள்.

"அஞ்ஞூறு, சாரே."

"காலம்பற ஆளுக்கு நூறுன்னியே! நாலு நூறு நானூறுன்னா. கூட்டல்கூட வராதா உனக்கு?"

"கூட்டல் வரும். சாரு அஞ்ஞூறு தாரும்."

"தரமாட்டேன். என்ன பண்ணுவே?"

தங்கப்பன் ஒன்றும் பண்ணவில்லை. நின்றான். மற்ற மூவரும் நின்றார்கள். மூன்று மணிக்குள் போகாவிட்டால் நாகர்கோவில் வீட்டுக்காரர் சாவியோடு ஊருக்குப் போய்விடுவார்.

"குடுத்துருங்கய்யா," என்றான் இசக்கிப்பாண்டி, ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு. "இது நவராது."

அழகியநம்பி ஐந்து நூறு ரூபாய் நோட்டை எண்ணினார். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு வாக்கியம் வந்தது. நாலாவது கடிதம் அங்கேயே தயாராகிக்கொண்டிருந்தது.

"ஒரு துரும்பை நகர்த்தலை. ஒரு பொம்மனாட்டி தன்னந்தனியா முப்பத்தெட்டு சாமானைத் தூக்கறா. நாலு மணி நேரம் அதை வேடிக்கை பாத்துண்டு, அவ போட்ட டீயையும் குடிச்சுட்டு, கூலியும் கேக்கறது! மனுஷன் செய்வானோ இதை?"

"செய்யமாட்டான், சாரே," என்று தங்கப்பன் ஒப்புக்கொண்டான்.

தோழர்கள் மூவருக்கும் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்தான். நாலாவதைத் தன் பையில் வைத்துக்கொண்டான். ஐந்தாவதை ஒழுங்காக நாலாய் மடித்து அழகியநம்பியின் சட்டைப்பையில் செருகினான்.

"நோக்கியிருந்தது நம்ம அஞ்சு பேரல்லோ."