அழாத வானம்

தை மாதத்து மழை விடாமல் அடிக்கிறது. செலியமேட்டு வயலில் அறுத்துப் போட்ட நெல் தண்ணீரில் மிதக்கிறது. இந்த வீட்டின் வருஷத்துச் சோறு அது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசற்படியில் நிற்கும் வேணு அதையே வெறிக்கிறார். உள்ளே, சிம்னி விளக்கடியில், மகள் ஜெயமணி பாடக்கதையை உரக்கப் படிக்கிறாள். “பூமியின் தாகம் கண்டு இரங்கி வானம் அழுதது.” சாக்கிலிருந்து நீர் சொட்ட அவர் திரும்புகிறார். “இன்னாடி? வானம் அழுவுதா? நமக்காவா?” ஜெயமணியின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறது. “கதைப்பா. மழைய அப்படிச் சொல்லியிருக்கு.” “எந்த முண்டம் எழுதுச்சு? இங்க வந்து பாக்கச் சொல்லு.” அவள் கூரைமேல் மழை விழும் சத்தத்தைக் கேட்கிறாள். “துப்புதுப்பா,” என்கிறாள் மெல்ல. “நம்ம மேல காறித் துப்புது.” வேணு வயலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். “ம். அப்படிப் படி.”