வலது லீவர்

திரை சிவப்பாகி நின்றுவிட்டது.

அவள் கை இன்னும் லீவரின் மேல் இருந்தது. வலது லீவர்.

செத்தது இடது எஞ்சின்.

பொம்மை விமானம்தான். ஒரு கட்டடத்துக்குள் இரும்புக் கால்களில் நின்று ஆடுகிற பெட்டி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது.

அடச்சே.

தன் கம்பெனி விமானிகளை எந்தப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்லத்தான் பெங்களூர் வந்திருந்தாள். சின்னக் கம்பெனி. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் ஓடுகிற புரொப்பெல்லர் விமானங்கள். அவள்தான் அங்கே மூத்த கேப்டன். அலைந்து அலைந்து கால் கடுத்துப்போயிருந்தது. எல்லாப் பள்ளியிலும் அதே ஏசி, அதே பிஸ்கட், அதே "எங்க சிமுலேட்டர்தான் மேடம் பெஸ்ட்."

காலையில் போன இடம் பிடிக்கவில்லை. ரோஸ்லின் என்று ஒரு பயிற்சியாளர். ஜலதோஷம் வேறு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சீட்டை முன்னால தள்ளுங்க." "இல்ல, தப்பு." "மறுபடியும் செய்ங்க." என்னவோ இவள் நேற்றுதான் விமானத்தைப் பார்த்தவள் மாதிரி! திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டிவிட்டு வந்துவிட்டாள்.

இது மரியாதையான இடம். வாசலிலேயே வந்து நின்றார்கள். நிரஞ்சன் இங்கே பயிற்சியாளன், ஓசூர்க்காரன். துணை விமானியாக வலது இருக்கையில் அவன்தான் உட்கார்ந்தான்.

"ஏறும்போது ஒரு எஞ்சினைச் சாகடிப்பா. எப்படி ஆடுதுன்னு பார்ப்போம்" என்று கேட்டதும் அவள்தான்.

விமானத்தின் மூக்கு இடது பக்கம் இழுத்தது. வலது கால் தானாகப் பெடலை மிதித்தது.

இடது கால் சும்மா இருந்தது.

எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. அதன் லீவரை இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்கும் முன் பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும். தப்பு நடந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் கேள்வி. எத்தனை பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடம் இது!

கேட்கவும் செய்தாள். கையை வைத்துக்கொண்டு, "இதுதானே?" என்றாள்.

"ஆமா மேடம்."

இழுத்தாள்.

நல்ல எஞ்சினும் நின்றது. சத்தமே இல்லை. தரை வந்தது.

நிரஞ்சன் இப்போது ஏதோ ஒரு பட்டனை அழுத்தினான். சிவப்பு போய் ஓடுபாதை வந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

"டயர்டா இருப்பீங்க மேடம். இதைக் கணக்குல எடுத்துக்க வேணாம்."

"நான் இழுத்தது தப்புன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"தெரிஞ்சுது மேடம். ஆனா நீங்க கை வெச்சா ஏதாவது காரணம் இருக்கும்னு..."

கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. பயம்தான் வந்தது. சென்னையில் அவள் பக்கத்தில் உட்காருகிற எல்லோரும் இப்படித்தான் "ஆமா மேடம்" என்கிறார்கள். தங்கமான பிள்ளைகள் என்று அவளும் பூரித்துப்போயிருக்கிறாள்.

நாளைக் காலை தூத்துக்குடி. பின்னால் அத்தனை ஜனம். மடியில் தூங்குகிற குழந்தைகள் உட்பட.

வெளியே வந்தாள். ரோஸ்லினின் பள்ளியே போதும், முதலில் நானே அங்கே உட்காருகிறேன் என்று கம்பெனிக்கு ஒரு செய்தி தட்டினாள்.

அப்புறம் யார் எந்த விமானத்தில் போவது என்று ஆள் போடுகிற ஜெயசீலனைப் போனில் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல என்னைப் போடாதீங்க. வேற கேப்டனை அனுப்புங்க."

"ஐயோ, உடம்பு சரியில்லையா மேடம்?"

ஆமாம் என்றால் முடிந்தது. காய்ச்சல் என்றால் யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சிமுலேட்டர்ல ஒரு எஞ்சின் போச்சு. நான் நல்ல எஞ்சினை அணைச்சுட்டேன். திரும்பப் பயிற்சி முடிச்சுட்டுத்தான் பறப்பேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"நீங்களா? சும்மா விளையாடாதீங்க மேடம். காலைல வழக்கம்போல கார் வந்துடும்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"வெச்சுடாதீங்க, ஜெயசீலன்."

முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.