கழுத்துக்கு மேல் தக்காளி

அவள் செடியின் கழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விரலால் மண்ணை விலக்கினாள். இல்லை. இன்னும் கொஞ்சம் விலக்கினாள். இவ்வளவு மண் அணைத்த கணவருக்கு இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் பாத்தி திருவண்ணாமலை ஆகியிருக்கும்.

அகப்பட்டது.

தண்டில் ஒரு தழும்பு. அதற்குக் கீழே சுண்டைக்காய். மேலே தக்காளி.

இரண்டு நாற்றையும் சாய்வாகச் சீவி, ஒட்டி, கிளிப் மாட்டி, காற்றுகூட அனுமதி கேட்டு வரும்படி மூடிவைத்து வளர்த்தவள் அவள்.

எல்லாம் இந்தப் பசுமைக்குடிலின் மண்ணால்.

மண்ணுக்குள் நூற்புழுக்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஜனத்தொகையில் ஓசூரை மிஞ்சியவை. தனி வார்டு, தனி கவுன்சிலர் கேட்கும் அளவுக்கு.

இரண்டு போகம் தக்காளி வேரை முடிச்சு முடிச்சாக்கித் தீர்த்தன.

கோடையில் பாத்தியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி மண்ணை வேகவைத்தாள். வேப்பம் பிண்ணாக்கைக் கொட்டினாள். செண்டுமல்லி நட்டாள். புழுக்கள் குறைந்தன. மிச்சம் இருந்தவை கோபத்தில் இருந்தன.

சுண்டைக்காய் வேரை மட்டும் அவற்றால் லேசில் கடிக்க முடியாது.

ஆகவே இந்தப் போகத்துக்கு வேர் அதனுடையது, தலை தக்காளியுடையது. கழுத்து மட்டும் மண்ணில் படக் கூடாது.

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், எல்லாச் செடிக்கும் கழுத்து மூட மண் அணைத்திருந்தார் கணவர். ஆள் வைக்கவில்லை. தானே முட்டி போட்டு. பாராட்டுக்காக வாசலிலேயே நின்றிருந்தார்.

"தக்காளின்னா மண்ணு அணைக்காம உடுவாங்களா?"

வெளி நிலத்தில் விட மாட்டார்கள்தான். மண் பட்ட இடத்தில் எல்லாம் தக்காளித் தண்டு வேர் விடும். நல்ல குணம். இங்கே அந்தக் குணமே ஆபத்து.

தழும்புக்கு மேலே இதோ, வெள்ளை வெள்ளையாக வேர்கள். பிறந்த குழந்தையின் தலைமயிர் போல மெல்லிசாக. நேராகப் புழுக்களின் பந்திக்குக் கிளம்பியிருந்தன.

பிளேடால் அறுத்தாள்.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தாள். அடுத்த செடி.

பக்கத்து வரிசையில் கணவர், அணைத்த மண்ணைப் பிரித்துக்கொண்டிருந்தார். அணைத்ததைவிட வேகமாக.

வலைக்கு வெளியே கொழுந்தன் முனிரத்தினம். கையில் அளவெடுக்கும் ஸ்டீல் டேப். நீட்டிக் குடிலின் பைப்பின் மேல் வைத்திருந்தான்.

இந்தப் போகமும் போனால் குடிலைப் பிரித்து அவனுடைய கோழிக் கொட்டகைக்குக் கொடுத்துவிடுவது. வீட்டில் பேசி முடித்தது. அவளும் தலையாட்டியிருந்தாள். பி.டி. டீச்சராக ஆயுசுக்கும் விசில் ஊதிச் சேர்த்தது மொத்தமும் இந்தப் பைப்புகளாகத்தான் நின்றது.

"அண்ணி, கோழிங்க தெனமும் கேக்குது. புது வூடு எப்பன்னு."

"வேற எடத்துல வாடகைக்குப் பாக்கச் சொல்லு."

அவன் சிரித்தான். உள்ளே வரவில்லை. எப்போதும் வந்ததில்லை.

வாசலில் ஒரு தொட்டி. பெர்மாங்கனேட் கரைத்த ரோஸ் நிறத் தண்ணீர். வெளி மண் உள்ளே வரக் கூடாது. செருப்பைக் கழற்றி, காலை நனைத்துவிட்டுத்தான் யாரும் வரலாம். கலெக்டரானாலும் கடவுளானாலும். ஒருமுறை உள்ளே புகுந்த காக்கையை விசில் ஊதியே திருப்பி அனுப்பினாள். அது கால் நனைத்துவிட்டு மறுபடி வந்ததாகச் சொல்பவர்களும் உண்டு.

முனிரத்தினம் மட்டும் நனைத்ததில்லை. பைப்பு வாங்க வருகிறவனுக்கு எதற்குப் பாத பூஜை என்பான்.

இன்று அவன் முதல் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பாத்தியை நேற்று மாலையே அறுத்து முடித்திருந்தாள். இனி சுண்டைக்காய் வேர் ஒன்றுதான் துணை. அது தாங்கினால் தலை நிற்கும். தாங்காவிட்டால் தொங்கும்.

உச்சி வெயிலில் தெரிந்துவிடும். வேர் செத்த செடி காலையில் நடிக்கும். சாயங்காலமும் நடிக்கும். உச்சி வெயிலில் அதற்கு நடிப்பு வராது.

வெயில் ஏறியது.

குடிலுக்குள் அப்பளம் பொரிந்திருக்கும். கணவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புழுக்கள்கூட விசிறி தேடியிருக்கும்.

அவள் முதல் பாத்தியின் பக்கம் திரும்பவில்லை.

திரும்பினால் கை நின்றுவிடும்.

தொங்கினால் தொங்கட்டும். மிச்சம் உள்ள கழுத்தை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுத்தான் எழுவாள். பிரிக்க வருகிறவர்கள் அவளைச் சுற்றித்தான் பிரிக்க வேண்டும்.

அறுத்தாள். துடைத்தாள். நகர்ந்தாள்.

மில் சங்கு ஊதியது. பன்னிரண்டு.

கணவரின் கை நின்றது. முதல் பாத்தியை அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சினார். அதில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவர் சமையல் குறிப்பு பார்த்தாலும் அழுகிறவர்.

அவள் அடுத்த கழுத்தைத் தேடினாள்.

வெளியே ஒரு சத்தம்.

சர்ர்ர். டக்.

அளக்காமலே டேப் தன் கூட்டுக்குள் போய்விட்டது.



பிறகு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். ஒன்று. இன்னொன்று. தொட்டியில் தண்ணீர் சலசலத்தது.

அவள் திரும்பவில்லை. இன்னொரு பிளேடை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, தோளுக்குப் பின்னால் அவனிடம் நீட்டினாள்.