கண்ணைப் பொத்தும் கை

பந்தய ஓடுபாதையில் முன்கால் முறிந்து கிடக்கிறது பெண்குதிரை. கூட்டம் பார்த்துவிடாதபடி சுற்றிலும் பச்சைத் துணியைப் பிடித்திருக்கிறார்கள். "நீ தலையைப் பிடிச்சாத்தான்ப்பா அசையாம இருக்கும்," என்கிறார் மருத்துவர், கொல்லும் மருந்தை ஊசியில் ஏற்றியபடி. லாயக்காரன் மண்டியிடுகிறான். ஊசியைக் கண்டால் மிரளும் என்று, குட்டியிலிருந்தே அதன் கண்ணைப் பொத்திப் பழக்கியவன் அவன். "ஒண்ணுமில்லடி தங்கம், எறும்புக்கடிதான்," என்கிறான், எப்போதும்போல. சொன்ன நாக்கு கூசுகிறது. துணிக்கு அப்பால் ஒருவன் கத்துகிறான்: "சீக்கிரம் இழுத்துப் போடுங்கப்பா, அடுத்த ரேஸ் ஓட வேணாமா!" சிரிப்பு எழுகிறது. வலியில் நடுங்கிய உடம்பு லாயக்காரனின் குரலுக்கு அடங்குகிறது. காது அவன் பக்கம் திரும்புகிறது. கண்ணைப் பொத்த நீட்டிய அவன் கை பாதியில் நின்றுவிடுகிறது. குதிரையே தலையைத் தூக்கி, கண்ணைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைக்கிறது.